வாத்துப் பொம்மை ஒரு டாலர்

அமெரிக்காவுக்குப் போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றி எழுதுவார்கள், வெள்ளை மாளிகையைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப்போவது பழைய சாமான் கடையைப் பற்றி. சிரிக்காதீர்கள்! 2023-ல் ஆறு மாதம் என் பெரிய மகள் வீட்டில் இருந்தேன். அதில் நயாகராவைப் பார்த்தது ஒரே ஒரு நாள். பழைய சாமான் கடைக்குப் போனது குறைந்தது பதினைந்து தடவை இருக்கும்.

பாஸ்டனுக்கு மேற்கே, ஆஷ்லண்ட் லட்சுமி கோயிலுக்குக் காரில் அரை மணியில் போய்விடுகிற தூரத்தில் ஒரு சின்ன ஊர். மகளுக்கு லீவு முடிந்து ஆபீசுக்குப் போக வேண்டிய சமயம். பேரனுக்கு ஒன்பது மாதம். தவழ்ந்து தவழ்ந்து வீட்டைச் சுற்றுவான், கையில் கிடைத்ததை நேரே வாய்க்குக் கொண்டு போவான். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வரவழைத்திருந்தார்கள்.

போன முதல் சனிக்கிழமையே மகள் கேட்டாள். "அம்மா, த்ரிஃப்ட் ஸ்டோருக்குப் போறேன், வர்றியா?"

"அதென்னடி அது?"

"பழைய சாமான் கடைம்மா."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பேர் சம்பாதிக்கிறார்கள், ஒற்றைப் பிள்ளை, அதற்குப் போய் ஊரார் கழித்துப் போட்ட பொம்மையா? நம் பக்கத்தில் மூத்த பிள்ளையின் சட்டையை இளையதற்குப் போடுவோம், நாத்தனார் வீட்டுத் தொட்டிலை வாங்கிக் கட்டுவோம். அது வேறு. யார் என்று தெரியாதவர்கள் பிள்ளை கடித்த பொம்மையைக் காசு கொடுத்து வாங்குவது என்றால் மனசு ஒப்பவில்லை. வாயைத் திறக்காமல் காரில் ஏறினேன்.

உள்ளே போனதும் கோபம் எங்கே போயிற்றோ! நம் ஊர்க் கல்யாண மண்டபம் மாதிரி பெரிய கூடம். வரிசை வரிசையாகத் துணிகள், அதுவும் நிறம் பிரித்து. ஒரு பக்கம் கண்ணாடிக் குவளை, பீங்கான் தட்டு. புத்தகங்கள், நாற்காலிகள், யாரோ வாசித்து ஓய்ந்த பியானோ. ஒவ்வொரு சாமானிலும் ஒரு கலர்ச் சீட்டு. வாரத்துக்கு ஒரு நிறம் அறிவிப்பார்கள், அந்த நிறச் சீட்டு ஒட்டியிருந்தால் பாதி விலை. பஞ்சு மாதிரி நரைத்த பாட்டிமார் கையில் கூடையுடன் அன்றைய நிறத்தைத் தேடிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு ஆடித் தள்ளுபடி ஞாபகம் வந்துவிட்டது.

கடைக் கோடியில் பொம்மைகள். சின்னச் சின்னச் சாமான்களைத் தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ஒட்டி, கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு பைக்குள் நாலு கார், ஒரு யானை, அரை டஜன் சக்கரம், ஒரு பொம்மையின் ஒற்றைக் கால், யாருடையதென்று தெரியாத ஒரு சாவி எல்லாம் சேர்ந்து 2 டாலர் 99 காசு. பையைப் பிரிக்கவும் விட மாட்டார்கள். கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இந்தக் கடைகளுக்கு ஒரு கதை உண்டு. 1902-ல் இதே பாஸ்டனில், சவுத் எண்ட் என்ற ஏழைகள் வாழ்ந்த பகுதியில், எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் சாக்குப் பைகளைத் தூக்கிக்கொண்டு பணக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பழைய துணியும் சாமானும் கேட்டு வாங்கினாராம். வேலையில்லாமல் தவித்த ஏழைகளைக் கொண்டு அவற்றைக் கிழிசல் தைத்து, செப்பனிட்டு விற்றார். வந்த பணம் அவர்களுக்கே கூலி. அதுதான் 'குட்வில்' என்று நாடு முழுக்கப் பரவியது. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற இரட்சணிய சேனை இருக்கிறதே, அவர்களுக்கும் அமெரிக்காவில் இப்படிக் கடைகள் உண்டு. இவை தவிர ஊருக்கு ஊர் சர்ச்சுகள் நடத்துகிற சின்னக் கடைகள். விற்ற பணம் யாரோ ஓர் ஏழைக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு என் மனசு ரொம்பவே இளகிவிட்டது.

மகள் அப்போது கைப்பையிலிருந்து எடுத்தாள் பாருங்கள் ஒரு சாமான்... கக்கூஸ் காகிதம் சுற்றி வருமே, அந்த அட்டைக் குழாய்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் இதையா எடுப்பாள்?

"பொம்மையோ, அதிலேர்ந்து கழண்டு வர்ற துண்டோ இந்தக் குழாய்க்குள்ள போச்சுன்னா, அது பிள்ளை தொண்டைக்குள்ளயும் போகும்மா" என்றாள்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மைகளுக்கு அந்த நாட்டுச் சட்டத்தில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். வாய் அகலம் 3.17 செ.மீ. உள்ள ஒரு சின்ன உருளை. அதற்குள் முழுதாக அடங்கிவிடுகிற எந்தத் துண்டும் அந்த வயதுக்கான பொம்மையில் இருக்கக் கூடாது. அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால், அதில் அடங்காதது இன்னும் பத்திரம். நம் வீடுகளில் அந்தக் காகிதம் ஏது என்பீர்கள். 15 செ.மீ. நீளமுள்ள ஒரு துண்டு அட்டையைச் சுருட்டி, ஒரு செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிவிடுங்கள். அதே அளவு குழாய் கிடைத்துவிடும். நான் ஊருக்கு வந்ததும் செய்து வைத்துக்கொண்டேன். கோலிக் குண்டு, செப்புச் சாமானில் முக்கால்வாசி, கிலுகிலுப்பையின் பிடி கழன்றால் அது, பேனா மூடி, பாதாம் பருப்பு எல்லாம் சடசடவென்று உள்ளே விழுந்தன!

அப்புறம் அவள் பொம்மை தேர்ந்தெடுத்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். அமுக்கினால் பாடுகிற ஒரு புத்தகத்தை எடுத்தேன். உடனே திருப்பிப் பார்த்தாள். பேட்டரி மூடியில் ஸ்குரூ இல்லை, விரலால் தள்ளினாலே திறந்தது. "வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். உள்ளே இருந்தது பொட்டு மாதிரி பளபளக்கிற பட்டன் பேட்டரி. அதைப் பிள்ளை விழுங்கி உணவுக் குழாயில் மாட்டிக்கொண்டால், எச்சில் ஈரத்தில் மின்சாரம் ஓடி அந்த இடத்தில் காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடுமாம். பேட்டரி தீர்ந்துபோனதாக இருந்தாலும் சரி. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. ஒரு வயதைத் தாண்டிய, தானே விழுங்க முடிகிற பிள்ளையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளாகவும் இருந்தால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரை கொடுக்கச் சொல்கிறார்கள். தேன் அந்த அரிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். தேன் பாட்டிலைத் தேடிக்கொண்டு நின்று நேரத்தைக் கோட்டை விடக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தேனே கூடாது. இது பொம்மையோடு போகிற விஷயமில்லை. நம் வீட்டு ரிமோட், எடை பார்க்கிற மிஷின், பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் இந்தப் பொட்டு உட்கார்ந்திருக்கிறது.

காந்தக் குண்டுகளையும் அவள் தொடவே இல்லை. ஒன்றை விழுங்கினால் வெளியே போய்விடலாம், இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடலையே ஓட்டை போட்டுவிடும் என்றாள். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கடையின் பின்பக்கம் சாமான் கொடுக்கிற வாசல். கார்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போகிறார்கள். அங்கே ஒரு பலகை. குழந்தைக் கட்டில் வாங்க மாட்டோம், கார் சீட் வாங்க மாட்டோம் என்று எழுதியிருந்தது. "நல்ல தேக்கு மாதிரி கட்டிலை யாராவது கொடுத்தாக்கூடவா?" என்று கேட்டேன். கொடுத்தாலும்தான். ஒரு பக்கத்துக் கம்பித் தடுப்பை மேலும் கீழும் இறக்குகிற மாதிரி முன்பு கட்டில்கள் செய்தார்கள். தடுப்பு கழன்று, அந்த இடுக்கில் சிக்கிப் பல குழந்தைகள் மூச்சு முட்டி இறந்து போயின. 2011 ஜூன் 28 முதல் அந்த மாதிரிக் கட்டிலைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அந்நாட்டில் தடை. கம்பிக்குக் கம்பி இடைவெளியும் 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கார் சீட்டுக்கோ காலாவதித் தேதியே உண்டு, மருந்து பாட்டில் மாதிரி. ஒரு விபத்தில் அடிபட்டிருந்தால் உள்ளே விட்ட விரிசல் வெளியில் தெரியாது.

அன்றைக்குக் கடைசியில் மகள் வாங்கியது மூன்றே சாமான்: ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற பிளாஸ்டிக் கிண்ணங்கள், பெரிய கட்டைகள், கண் தைத்த ஒரு துணி முயல். முயல் நேரே துவைக்கும் மிஷினுக்குள் போயிற்று, வெந்நீரில். பிறகு உலர்த்தும் மிஷினில் சூடு காட்டினாள். அதையும் பிள்ளையின் கட்டிலில் போட விடவில்லை. ஒரு வயது வரை தூங்குகிற இடத்தில் துணிப் பொம்மை, தலையணை எதுவும் கூடாதாம். கிண்ணங்களின் அடியில் இருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். அமெரிக்காவில் இதற்கென்றே 1972-ல் சட்டம் போட்டு நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன் என்று ஒன்றை அமைத்தார்கள். ஆபத்து என்று கம்பெனி திரும்பப் பெற்ற பொம்மைகளின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. திரும்பப் பெற்றதை விற்பது 2008 சட்டப்படி குற்றம், பழைய சாமான் கடைக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஒரு நாளைக்கு மூட்டை மூட்டையாக வந்து விழுகிற இடத்தில் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்க யாரால் முடியும்? வாங்குகிறவள் கண்தான் கடைசிக் காவல் என்று மகள் சொன்னாள். நான் மனசுக்குள் 'பெரிய ஆராய்ச்சிக்காரி' என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்தவள் என்ன செய்தேன் தெரியுமா?

பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் நடப்பேன். வழியில் சர்ச்சு ஆட்கள் நடத்துகிற ஒரு சின்னக் கடை. ஒருநாள் ஜன்னலில் ஒரு மர வாத்து. மஞ்சள் உடம்பு, சிவப்பு மூக்கு, அடியில் நாலு சக்கரம். கயிற்றைப் பிடித்து இழுத்தால் தலையை ஆட்டி ஆட்டிக்கொண்டு வருகிறது. எனக்குத் திருவிழாக் கடை ஞாபகம். ஒரு டாலர்தான். என் சொந்தக் காசில், என் பேரனுக்கு, அமெரிக்காவில் நானே வாங்கிய முதல் பொருள்! அந்தச் சந்தோஷம் எனக்கு.

மகள் அதைப் புரட்டிப் பார்த்தாள். எழுத்து இல்லை, நம்பர் இல்லை, எந்த வருஷத்துச் சரக்கென்றும் தெரியவில்லை. "ரொம்பப் பழசு மாதிரி இருக்கேம்மா?" என்றாள்.

"மரம்தானே? பிளாஸ்டிக்கா என்ன? அந்தக் காலத்துச் சாமான், கெட்டியாத்தான் இருக்கும்" என்றேன் அழுத்தமாக.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நீளக் கயிற்றை மட்டும் வெட்டி எறிந்தாள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாத்தை விட்டு வைத்தாள் என்பது பிற்பாடு புரிந்தது. பேரனுக்கோ அதுதான் உயிர். இரண்டு பல் முளைத்திருந்த நேரம், நமநமவென்று ஊறும் ஈறுக்கு அந்தச் சிவப்பு மூக்குதான் மருந்து. ஒரு மாதத்தில் மூக்குச் சிவப்பு பாதிக்கு மேல் காணாமல் போனது. எங்கே போயிற்று என்று நான் யோசிக்கவே இல்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் நடுவில் எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். இரண்டு வயதிலும் மூன்று வயதிலும் மறுபடி. அங்கே வீடுகள் பழசு, பழைய பெயின்ட்டில் ஈயம் உண்டு என்பதால் அப்படி ஒரு விதி. பதினோராம் மாதம் பேரனுக்கு விரல் நுனியில் குத்தி இரண்டு சொட்டு எடுத்தார்கள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மகள் ஆபீசிலிருந்து வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆறு வந்திருக்காம்மா."

"எது ஆறு?"

"ஈயம்."

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் என்பது கணக்கு. 3.5-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று 2021-ல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அளவைக் குறைத்து வைத்திருக்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாதாம். பெரியவர்களை விடப் பிள்ளைகளின் வயிறு அதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். காய்ச்சல் வராது, அழாது, வெளியில் ஒன்றும் தெரியாது. வளர்கிற மூளையில்தான் அதன் வேலை. பிற்பாடு படிப்பில், கவனத்தில், பேச்சில் தெரியும்.

போனில் நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டாள், மகள் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். வீடு 1978-க்கு முன்னால் கட்டியதா? ஆமாம். ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டில் ஈயப் பெயின்ட்டை அகற்றவோ மூடவோ வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டுக்காரர் செய்து சர்டிபிகேட்டும் கொடுத்திருந்தார். அடுத்து, வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த மஞ்சள் பொடி, மசாலா? கண் மை? குங்குமம்? உலோகப் பாத்திரம்? நான் எழுந்து நின்றுவிட்டேன். அத்தனையும் என் பெட்டியில் வந்தவை! வழக்கமாக வசம்பைச் சுட்டுத்தான் பொட்டு வைப்பேன். அவசரத்தில் இந்தத் தடவை கடை மை டப்பா ஒன்றை வாங்கி வந்திருந்தேன். சில கண் மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் பாதிக்கு மேலேகூட இருப்பது உண்டாம். மஞ்சள் பொடிக்கு நிறம் கூட்ட ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்க்கிற அக்கிரமக்காரர்களும் இருக்கிறார்கள். கல்யாணச் சீராகக் கொடுத்த ஈயச்சொம்பையும் மகள் அடுப்படியிலிருந்து தூக்கினாள். "அது வெள்ளீயம்டி, நீங்க சொல்றது காரீயம்" என்றேன். "சுத்த வெள்ளீயம்னு உனக்கு யாரும்மா எழுதிக் கொடுத்தாங்க?" என்றாள். பதில் இல்லை.

கடைசியாக நர்ஸ் கேட்டாள்: பெயின்ட் அடித்த பழைய பொம்மை ஏதாவது?

மகள் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரி மாப்பிள்ளைதான் விவரமாகச் சொன்னார். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டுக்கும் பொம்மைப் பெயின்ட்டுக்கும் 1978-ல்தான் ஈயத்துக்குத் தடை வந்தது. பத்து லட்சம் பங்கில் 600 பங்கு வரை விட்டு வைத்தார்கள். அதற்கு முந்திய பொம்மை என்றால் எவ்வளவு இருக்குமென்று சொல்லவே முடியாது. பிந்தியதிலும் தவறு நடந்திருக்கிறது. 2007 ஜூனில் சீனாவில் செய்த தாமஸ் மர ரயில் பொம்மைகள் சுமார் 15 லட்சம், பெயின்ட்டில் ஈயம் என்று திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆகஸ்டில் மேட்டல் கம்பெனியும் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. அந்தக் கலவரத்தில்தான் 2008 சட்டம் வந்தது. 2009-லிருந்து பெயின்ட்டில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று இறுக்கினார்கள். "அத்தை, புதுசா வாங்குற பொம்மைக்குத்தான் அந்தச் சட்டமெல்லாம் காவல். 2007-ல வீட்டுக்குள்ள போன ரயிலு இன்னும் எத்தனையோ பரண்ல இருக்கும். அதெல்லாம்தான் இப்ப மூட்டை கட்டிக் கடைக்கு வருது" என்றார்.

"பொம்மையை டெஸ்ட் பண்ண முடியாதா மாப்பிள்ளை?"

கடையில் தேய்த்துப் பார்க்கிற குச்சி கிடைக்கிறது. அதை நம்ப முடியாது, இருக்கிறதை இல்லை என்றும் இல்லாததை இருக்கிறது என்றும் காட்டும் என்று அந்தக் கமிஷனே 2007-ல் சோதித்துச் சொல்லிவிட்டதாம். "சந்தேகம்னா தூக்கிப் போட வேண்டியதுதான் அத்தை."

விரலில் எடுக்கிற ரத்தத்தில் சில சமயம் பொய்யாகவும் கூடுதல் காட்டும், விரலில் ஈயத் தூசி ஒட்டியிருந்தாலே போதும், கையில் ரத்தக் குழாயிலிருந்து எடுத்துப் பார்த்தால்தான் நிஜம் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் லேபில் மாப்பிள்ளை பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே நின்றேன். அவன் அலறிய அலறல் கதவைத் தாண்டி வந்தது. முடிவு வர நாலு நாள்.

அந்த நாலு நாளும் தரையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். பெருக்கினால் தூசி கிளம்பும், துடைக்கத்தான் வேண்டும் என்றார்கள். சாப்பாட்டுக்கு முன்னால், தூக்கத்துக்கு முன்னால் அவன் கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன். ராகிக் கூழ், கீரை மசியல், பருப்பு. உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் போதுமான அளவு இருந்தால் ஈயம் ஏறுவது குறையுமாம். அதை டாக்டர் சொன்னபோது, நானும் பிரயோஜனமாக ஏதோ ஒன்று செய்யலாம் போலிருக்கிறதே என்று இருந்தது. மகளும் நானும் உப்பு, புளி தவிர வேறு பேசிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் போன். இரண்டுக்கும் கீழே!

மகள் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். நானும்தான். அழுது முடித்துக் காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது அவளே கேட்டாள். "அப்ப அவன் விரல்ல ஒட்டியிருந்தது எதும்மா? வாத்தா? மையா?" இரண்டும் அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டன. எது என்று கடைசி வரை தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார் டாக்டர். அப்போதும் நல்லபடியாகவே வந்தது.

வாத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. அதை அந்தக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஒரு டாலர் போனால் போகிறது, தானமாக இருக்கட்டும் என்று. மகள் தடுத்தாள். "அதை இன்னொரு பிள்ளை கடிக்குமேம்மா!" பையில் போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதற்கப்புறமும் பழைய சாமான் கடைக்குப் போகாமல் இருக்கவில்லை. இட்லித் துணிக்கு நல்ல மல்துணி, எனக்கு ஒரு ஸ்வெட்டர், பேரனுக்குக் கனத்த அட்டைப் புத்தகங்கள் எல்லாம் அங்கே வாங்கியவைதான். கைப்பையில் அந்த அட்டைக் குழாய் இப்போது என்னிடம்.

நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் விற்கிற பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைஞர்களாகப் பதிவு செய்தவர்களின் சரக்குக்கு விலக்கு உண்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பங்கு என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் வந்தது. இதை மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்ன அன்றுதான் எனக்கு எங்கள் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. தாம்பரத்தில் சின்னவளுக்கு அப்போது ஐந்து மாதம். அவள் பிள்ளைக்கென்று பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே பெரியவளுக்கு 1991-ல் செய்த நடைவண்டி. ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டை இவள் அப்பா ஆசை ஆசையாக இரண்டு கை பூசியது.

உடனே ஊருக்குப் போன் போட்டேன். "பரண் மேல கையை வைக்காதீங்க, நான் வர்ற வரைக்கும்" என்றேன்.

"இறக்கியாச்சே! பெயின்ட் அங்கங்க உரிஞ்சு கிடக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டு புதுசா அடிக்கலாம்னு வாசல்ல உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

பழைய பெயின்ட்டைத் தேய்ப்பதுதான் எல்லாவற்றையும் விட மோசம், அந்தத் தூசிதான் நஞ்சு. அமெரிக்காவிலிருந்து நான் போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். உப்புத்தாளைக் கீழே வைத்தார். வாசலை ஈரத் துணி கொண்டு துடைத்தார். வண்டியைப் பாலிதீனில் சுற்றிக் கட்டினார். சின்னவளை அந்தப் பக்கமே வரவிடவில்லை.

இப்போது தெருக்கோடி ஆசாரியிடம் புதிதாக ஒரு நடைவண்டிக்குச் சொல்லியிருக்கிறோம். பூவரசு மரம். ஆசாரி மூன்று தடவை கேட்டுவிட்டார், கலர் வேண்டாமா, கலர் வேண்டாமா என்று.